இயற்கை வேளாண்மை எப்படி வளர்ந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கை வேளாண்மை பற்றிப் பேச்சு எழும் இடங்களில், காய்கறிச் சந்தையானாலும் உழவர் கூட்டமானாலும், திரும்பத் திரும்பச் சில கேள்விகள் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

நம் தாத்தா காலத்தில் எல்லாமே இயற்கை விவசாயம்தானே? புதிதாக என்ன வளர்ந்துவிட்டது?

தாத்தா காலத்தில் வேறு வழி இல்லை. காற்றில் இருக்கும் நைட்ரஜனை உரமாக மாற்றும் முறையை ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் செய்து காட்டினார். 1913-ல் அதற்கான ஆலை ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த உரமும் டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகளும் வயல்களுக்கு வந்தன. தஞ்சாவூர் மாவட்டம் 1960-61-ல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் சேர்ந்தது. ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 நெல் ரகங்களோடு யூரியா மூட்டையும் டெல்டாவின் ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது நாம் பேசும் இயற்கை வேளாண்மை இதற்கெல்லாம் பிறகு, ரசாயனம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே வேண்டாம் என்று ஒருவர் தெரிந்து எடுக்கும் முடிவு. ஆட்டுக்கிடை (இரவில் ஆடுகளை வயலில் அடைத்து எருவேற்றுவது), தழையுரம், ஏரி வண்டல் ஆகிய தாத்தாவின் அறிவு அதில் இருக்கிறது. நுண்ணுயிர் பற்றிய இன்றைய அறிவும் இருக்கிறது. பழைய காலத்தைப் பொற்காலமாக வரைவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று விளைச்சல் குறைவு, பஞ்சமும் வந்தது. பசுமைப் புரட்சி பசிக்கு ஒரு பதில் சொன்னது என்பதை மறுக்கவும் முடியாது.

அப்படியானால் முதலில் இதைப் பேசியது யார்?

ஒருவர் மட்டுமல்ல. ஆனால் கதையின் முக்கியமான பகுதி இந்தியாவில் நடந்தது, அது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905-ல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். இந்திய விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் அவரை அனுப்பினார்கள். சுற்றுவட்டார உழவர்களின் வயல்களில் மருந்து எதுவும் இல்லாமலே பயிர் நோயின்றி நிற்பதைப் பார்த்து, அந்த உழவர்களையே ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். 1924-ல் இந்தூரில் பயிர்த்தொழில் நிலையத்தை நிறுவி, மனைவி கேப்ரியலுடன் சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். கேப்ரியலும் தேர்ந்த தாவரவியலாளர். சருகு, சாணம், கோமியம் ஊறிய தொழுவத்து மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே புரட்டிவிட்டு, சுமார் மூன்று மாதத்தில் மக்கிய எருவாக்கும் ‘இந்தூர் முறை’ அங்கேதான் வடிவம் பெற்றது. பிறகு அது பல நாடுகளின் தேயிலை, காபித் தோட்டங்களுக்குப் போனது.

1924-லேயே ருடால்ஃப் ஸ்டைனர் ஐரோப்பாவில் உயிராற்றல் வேளாண்மை பற்றி உரையாற்றினார். 1942-ல் அமெரிக்காவில் ஜே.ஐ. ரோடேல் இயற்கை வேளாண்மைக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். 1946-ல் இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் முதலியோர் இயற்கை வேளாண்மைக்காக ‘மண் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவும் ரசாயன உரத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960-ல் மறைந்தார். புதிய அரசு உர ஆலைகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது, அவர் பேச்சு எடுபடவில்லை.

இவ்வளவு பேர் அப்போதே சொல்லியும் ஏன் பல பத்தாண்டுகள் இது வளரவில்லை?

உரமும் மருந்தும் உடனே பலன் காட்டின. அரசு அவற்றை மானியத்தோடு கொடுத்தது. மண் கெடுவது கண்ணுக்குத் தெரிய இருபது முப்பது ஆண்டு ஆகும், யூரியா போட்ட பயிர் கரும்பச்சையாக நிற்பது ஒரு வாரத்தில் தெரியும்.

மெதுவாகத்தான் காற்று மாறியது. 1962-ல் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பூச்சிமருந்துகளின் கேட்டை உலகத்தின் முன் வைத்தார். 1972-ல் பிரான்சின் வெர்சாய் நகரில் உலக இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு உருவானது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது உரத்தின் விலையும் ஏறியது. நமக்குப் பக்கத்தில் காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் பல ஆண்டுகள் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். உடல் குறைபாட்டோடு பிறந்த அந்த ஊர்க் குழந்தைகளின் படங்களைப் பார்த்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது.

ஜப்பானை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 1970களில் அங்கே நகரத்துக் குடும்பத் தலைவிகள் கூட்டாகச் சேர்ந்து, மருந்து தெளிக்காமல் பயிரிடும் உழவரோடு நேரடி உடன்பாடு செய்துகொண்டார்கள். விளைந்ததை எல்லாம் வாங்கிக்கொள்வோம், வளைந்த வெள்ளரியோ ஓட்டை விழுந்த கீரையோ கழித்துக்கட்ட மாட்டோம் என்பது ஒப்பந்தம். ‘தெய்கெய்’ என்ற அந்த முறை பிறகு பல நாடுகளின் உழவர்-நுகர்வோர் கூட்டமைப்புகளுக்கு முன்மாதிரி ஆனது. சட்டமும் முத்திரையும் வருவதற்கு முன்பே இயற்கை வேளாண்மையைத் தாங்கியவை இத்தகைய ஏற்பாடுகள்தான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இது எப்படிப் பரவியது?

கோ. நம்மாழ்வாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தார். அது மானாவாரிப் பூமி, மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் போடும் உழவர்களுக்கு விலை கொடுத்து வாங்கும் உரத்தையும் வீரிய விதையையும் வைத்து நடத்தும் ஆராய்ச்சி எந்த வகையில் உதவும் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. 1969-ல் வேலையை விட்டார். களக்காட்டில் தொண்டு நிறுவனப் பணி, பிறகு ஊர் ஊராக நடைப்பயணம், பயிற்சி முகாம் என்று கடைசி வரை நடந்துகொண்டே இருந்தார். 2004 சுனாமியில் உப்பேறிய நாகப்பட்டினத்து வயல்களைத் தழைப்பயிர் போட்டு மீட்கும் வேலையில் முன்னால் நின்றார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் ‘வானகம்’ பண்ணையை அமைத்தார். 2013 டிசம்பர் 30-ல், டெல்டாவில் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்தில் இருந்தபோது, பட்டுக்கோட்டை அருகே இறந்தார்.

அவருடைய பெரிய பங்களிப்பு எந்த இடுபொருளும் அல்ல. மேடையில் அவர் பேசியது உழவரின் பேச்சு. பச்சைத் துண்டும் தாடியுமாக ஒருவர் வந்து, உன் நிலத்தைப் பற்றி உனக்கே நன்றாகத் தெரியும் என்று சொன்னபோது, அரை நூற்றாண்டாக ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று கேட்டே பழகிய உழவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் இயற்கை விவசாயம் செய்யும் யாரைக் கேட்டாலும், எங்கோ ஓர் ஊரில் அவர் பேச்சைக் கேட்டதிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள்.

அவரைச் சுற்றி இன்னும் பலர் இருந்தார்கள். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் கோயில்களில் கொடுக்கும் பஞ்சகவ்யத்தைப் பயிருக்கான வளர்ச்சியூக்கியாக மாற்றிக் காட்டினார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல்லை வாங்கிப் போகும் உழவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் விதி. காசு கைமாறவில்லை. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி, கருப்புக் கவுனி என்று 170 அளவிலான ரகங்கள் இப்படி வயலுக்குத் திரும்பின. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். இன்று சென்னையில் அழகான பொட்டலத்தில் கிடைக்கும் கருப்புக் கவுனிக்குப் பின்னால் அந்த இரண்டு கிலோ, நான்கு கிலோ கணக்கு இருக்கிறது.

அரசும் பின்னால் வந்தது. 2007-ல் கோயம்புத்தூரில் அங்ககச் சான்றளிப்புத் துறை, 2023 மார்ச்சில் தமிழ்நாடு உயிர்ம வேளாண்மைக் கொள்கை. அங்ககம், உயிர்மம் என்று அரசு சொல்வதெல்லாம் இயற்கை வேளாண்மையைத்தான்.

உலக அளவில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது?

உலகக் கணக்கெடுப்பின்படி இயற்கை வேளாண்மை நடக்கும் நிலம் 1999-ல் சுமார் 1.1 கோடி ஹெக்டேர். 2023-ல் ஏறக்குறைய 9.9 கோடி ஹெக்டேர். இயற்கை விளைபொருள் விற்பனை சுமார் 13,600 கோடி யூரோ.

இந்த எண்களைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். அந்த 9.9 கோடியில் பாதிக்கு மேல், 5.3 கோடி ஹெக்டேர், ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஆடுமாடு மேயும் பரந்த புல்வெளி. மொத்தத்தையும் சேர்த்தால்கூட உலக விவசாய நிலத்தில் 2 விழுக்காடு அளவுதான் வருகிறது. இயற்கை உழவர்களின் எண்ணிக்கையில் இந்தியா முதலிடம், 20 லட்சத்துக்கும் மேல். ஆனால் அவர்கள் விளைவித்ததில் விலை உயர்ந்த பகுதி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது.

எந்த நாடு இதை நன்றாகச் செய்திருக்கிறது?

டென்மார்க். 1987-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்து, மாறும் உழவர்களுக்குப் பண உதவி கொடுத்தது. சிவப்பு நிற அரசு முத்திரையைச் சில ஆண்டுகளில் அறிமுகப்படுத்தி, சோதனையை அரசே நடத்தியது. மக்கள் அந்த முத்திரையை நம்புகிறார்கள். கோபன்ஹேகன் மாநகராட்சி தன் பள்ளிகள், முதியோர் இல்லங்கள், அலுவலகச் சமையலறைகளில் 90 விழுக்காடு இயற்கை விளைபொருள் என்று இலக்கு வைத்து ஏறக்குறைய எட்டிவிட்டது. உணவுப் பொருள் வாங்கக் கூடுதல் பணம் ஒதுக்கவில்லை. சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இறைச்சியைக் குறைத்து, பருவத்துக் காய்களைக் கூட்டி, வீணாவதைத் தடுத்து, பழைய செலவுக்குள்ளேயே முடித்தார்கள்.

நம் சத்துணவுக் கூடங்களையும் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நினைக்கும்போது இந்த உதாரணம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு வட்டாரத்தின் பள்ளிகளுக்கு வேண்டிய கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரையை மட்டும் அந்த வட்டாரத்தின் இயற்கை உழவர்களிடம் வாங்கினால் போதும். விற்குமா என்ற பயம் அவர்களுக்குப் பாதி குறைந்துவிடும்.

சிக்கிம் முழுக்க இயற்கை விவசாயம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் ஒரே நாளில் வந்ததல்ல. 2003-ல் முதலமைச்சர் பவன் சாம்லிங் காலத்தில் சட்டமன்றம் முடிவெடுத்தது. உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கிராமம் கிராமமாக மண்புழு உரக்குழி, பயிற்சி, சான்றளிப்பு என்று நகர்ந்து, 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவிப்பு வந்தது. சுமார் 75,000 ஹெக்டேர். 2018-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் வழங்கும் கொள்கை விருதில் தங்கம் கிடைத்தது.

மலை மாநிலம், ரசாயன உரம் முன்பே குறைவாகப் புழங்கிய இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏலக்காய், இஞ்சி, மஞ்சள் அங்கே முக்கியப் பயிர்கள். அரிசியும் பெரும்பாலான காய்கறியும் கீழே சிலிகுரிப் பக்கமிருந்துதான் வருகின்றன. எதிர்பார்த்த விலை எங்களுக்கு வரவில்லை என்ற குறை அங்குள்ள உழவர்களிடம் உண்டு.

இலங்கையில் இயற்கை விவசாயத்தால்தான் நாடே சரிந்தது என்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இதைக் காட்டித்தான் இயற்கை வேளாண்மையை மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

2021 மே மாதத்தில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அரசு ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டது. மக்களின் உடல்நலத்துக்காக என்று காரணம் சொன்னார்கள். உரம் வாங்க அன்னியச் செலாவணி இல்லாத நெருக்கடியும் பின்னால் இருந்தது. தேர்தல் அறிக்கையில் பத்தாண்டில் மாறுவோம் என்று சொன்னதை ஒரு பருவத்தில் செய்யப் பார்த்தார்கள். மாற்று எரு போதிய அளவு இல்லை, பயிற்சி இல்லை, அந்த எருவுக்கு ஏற்ற விதைகளும் இல்லை. யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளர், கிளிநொச்சி நெல் விவசாயி, மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி என எல்லோரையும் அது அடித்தது. 2021-22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அரிசியில் தன்னிறைவோடு இருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. 2021 நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் விதைப்புக் காலம் கடந்துவிட்டது.

பொருளாதாரச் சரிவுக்கு வெளிநாட்டுக் கடன், வரிக் குறைப்பு, கொரோனாவில் நின்றுபோன சுற்றுலா எனப் பெரிய காரணங்கள் வேறு உண்டு. உரத் தடை அதன் மேல் விழுந்த இன்னோர் அடி. அங்கே நடந்ததை இயற்கை வேளாண்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரசாயனத்துக்குப் பழகிய மண்ணிலிருந்து உரத்தைப் பிடுங்கிவிட்டு, உழவரைத் தனியாக விட்டார்கள். சிக்கிம் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட வேலை இது.

மகசூல் குறையும் என்பது உண்மையா?

பெரும்பாலும் குறையும். இதை மறைத்துப் பேசுகிறவர்கள் உழவருக்குக் கெடுதல் செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1978 முதல் ஒரே நிலத்தில் இரு முறைகளையும் ஒப்பிட்டு வருகிறார்கள். 21 ஆண்டு முடிவை 2002-ல் வெளியிட்டபோது, இயற்கை முறையில் விளைச்சல் 20 விழுக்காடு குறைவு. ஆனால் உரமும் ஆற்றலும் 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவாகவே செலவானது, மண்ணில் உயிரினங்களும் அதிகம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தவர்களும் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி என்கிறார்கள். பயறு வகைகளில் இடைவெளி குறைவு, கோதுமை போன்ற தானியங்களில் கூடுதல்.

சராசரியைவிட முதல் மூன்று ஆண்டுகள்தான் உழவரை உடைக்கின்றன. யூரியா நின்றதும் தழைச்சத்து (நைட்ரஜன்) சட்டென்று குறைகிறது. மண்ணில் நுண்ணுயிர் பெருகி அந்த இடத்தை நிரப்பக் காலம் பிடிக்கும். களைக்கொல்லி இல்லாததால் களையெடுக்கும் ஆட்கூலி ஏறும். பக்கத்து வயல் கருகருவென்று நிற்க, உங்கள் வயல் வெளிறி நிற்கும். ஊர் கேலி பேசும், வீட்டிலும் பேச்சு வரும்.

கணக்காகப் பார்ப்போம். ஏக்கருக்கு 2,000 கிலோ நெல் எடுத்த இடத்தில் 20 முதல் 30 விழுக்காடு குறைந்தால் 400 முதல் 600 கிலோ போகிறது. 2024-25-ன் ஆதார விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 2,300 ரூபாய். ஆக ஒரு போகத்துக்கு 9,200 முதல் 13,800 ரூபாய் வரை இழப்பு. மத்திய அரசின் பரம்பரகத் கிருஷி விகாஸ் திட்டம் 2015-ல் வந்தது. அதில் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து ஹெக்டேருக்கு 31,500 ரூபாய், உழவர் கணக்குக்கு நேரடியாகப் போவது 15,000. வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். மாறும் காலத்தில் விளைந்ததை ‘ஆர்கானிக்’ என்று விற்கவும் முடியாது. மனம் இருந்தும் பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான்.

சான்றிதழ் எப்படி வந்தது? எது நம்பகமானது?

விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்க்காத தூரம் வந்தபோது சான்றிதழும் வந்தது. ஐரோப்பா 1991-ல் விதி வகுத்தது. அமெரிக்காவில் 1990-ல் சட்டம் வந்து 2002-ல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதிக்குத் தேவைப்பட்டதால் இந்தியாவில் 2001-ல் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் தொடங்கியது. இதில் மூன்றாம் தரப்பு நிறுவனம் வந்து ஆய்வு செய்யும். ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு, தென்னை, மா போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு மாறும் காலம். தனி உழவருக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது, குழுவாகச் சேர்ந்தால் முடியும்.

உள்நாட்டு விற்பனைக்கு ‘பி.ஜி.எஸ்.’ என்ற பங்கேற்பு முறை இருக்கிறது. ஐந்து உழவராவது சேர்ந்து ஒரு குழு. ஒருவர் வயலை மற்றவர்கள் பார்த்து உறுதி சொல்வார்கள். கட்டணம் கிட்டத்தட்ட இல்லை. சொந்த ஊரில் பக்கத்து வயல்காரரை ஏமாற்றுவது எளிதல்ல. அந்த வகையில் இது எனக்குப் பிடித்த முறை. ஆனால் குழு பெயருக்கு மட்டும் கூடினால் தாளில்தான் சான்று இருக்கும்.

2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை வந்தது. பொட்டலத்தில் ஆர்கானிக் என்று அச்சடித்தால் மேலே சொன்ன இரண்டில் ஒரு சான்று வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்று, நுகர்வோருக்கு நேரடியாகக் கொடுக்கும் சிறு உழவருக்கு விலக்கு உண்டு, அவர் முத்திரையைப் பயன்படுத்த முடியாது.

இதில் மோசடி நடப்பதில்லையா?

நடக்கிறது. 2020-ல் இந்தியாவின் ஆர்கானிக் பருத்தியில் 20,000 டன்னுக்குப் போலிச் சான்று என்று பன்னாட்டு நெசவுத் தர அமைப்பு கண்டுபிடித்தது. 2021 தொடக்கத்தில் இந்தியச் சான்றளிப்பு மேற்பார்வையை ஏற்கும் ஏற்பாட்டை அமெரிக்கா முடித்துக்கொண்டது. தவறு பெரும்பாலும் உழவருக்கும் கப்பலுக்கும் நடுவில் நடக்கிறது. நேர்மையான உழவரின் பெயர்தான் கெடுகிறது. 2025 ஜனவரியில் தேசிய இயற்கை உற்பத்தித் திட்ட விதிகளின் எட்டாம் பதிப்பு வந்திருக்கிறது. உழவர் குழுக்கள் சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்பது அதில் நல்ல மாற்றம்.

இயற்கை அரிசி ஏன் இவ்வளவு விலை?

முதல் காரணம், மற்ற அரிசியின் விலை முழு விலை அல்ல. 45 கிலோ யூரியா மூட்டை உழவருக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மீதியை அரசு கட்டுகிறது. நாடு முழுக்க உர மானியம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நம் வரிப்பணம்தான், ரசீதில் தெரிவதில்லை. தொழுவுரம் அடிக்கும் வண்டிக்கூலியையும் களையெடுக்கும் கூலியையும் உழவரே கட்டுகிறார்.

அடுத்தது பயிரின் குணம். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும், காட்டுயானம் ஆறு மாதம். ஆளுயரம் வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்தால் அறுவடை இயந்திரம் சிரமப்படும், கூடுதல் நேரத்துக்கு வாடகை ஏறும். ஐந்து பத்து மூட்டையைத் தனியாக அரைத்துக் கொடுக்கப் பெரிய ஆலைகள் ஒப்புவதில்லை. தவிடு நீங்காத அரிசியில் சீக்கிரம் வண்டு விழும், அந்த இழப்பும் விலையில் ஏறும்.

அப்புறம் இடையில் இருப்பவர்கள். நகரத்துக் கடையில் கிலோ 150, 180 என்று வாங்கும் அரிசிக்கு உழவருக்கு எவ்வளவு போனது என்று கடைக்காரரைக் கேளுங்கள். சொல்லத் தயங்காத கடையில் வாங்குங்கள்.

சாப்பிடுகிறவருக்கு உடம்புக்கு நல்லதா?

பூச்சிமருந்து எச்சம் குறைவு, இது உறுதி. சத்து அதிகமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்லவில்லை. நோய் தீரும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். பெரிய நன்மை மருந்து தெளிக்கும் கைகளுக்கு. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தபோது நச்சு ஏறி இருபதுக்கும் மேற்பட்ட உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் இறந்தார்கள். நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் அவர்களின் மூச்சும் சேர்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

நகரத்தில் இருக்கிறேன். வாங்குவதைத் தவிர என்ன செய்யலாம்?

மாறும் காலத்தில் இருக்கும் உழவரைத் தேடிப் பிடியுங்கள். சான்று பெற்றவருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் தடுமாறுகிறவருக்கு யாரும் இல்லை. உங்கள் குடியிருப்பில் பத்துக் குடும்பம் சேர்ந்து, அவருடைய ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாற்று நடும்போதே பாதிப் பணம் கொடுத்துவிடுங்கள். விளைச்சல் குறைந்தால் குறைந்ததைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானியக் குடும்பத் தலைவிகள் செய்தது இதைத்தான்.

எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். வீட்டுக்குச் சாப்பிட எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு நிலத்தில், அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ, தொடங்குங்கள். பக்கத்து வயலின் உரத்தண்ணீர் உள்ளே வராத மேட்டுப்பகுதியாக இருப்பது நல்லது.

முதலில் மண்ணுக்குத் தீனி. கோடையில் பலதானியம் விதைத்து, அல்லது தக்கைப்பூண்டோ சணப்போ போட்டு, பூ எடுக்கும் பருவத்தில், 45 நாள் வாக்கில், மடக்கி உழுங்கள். கிடை போட ஆட்டுக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். பஞ்சகவ்யமும், சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து புளிக்கவைக்கும் ஜீவாமிர்தமும் துணைக்குத்தான், தழையுரமும் தொழுவுரமும் இல்லாமல் அவற்றை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதல் ஆண்டு நெல்லானால் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா மாதிரி சந்தையில் எளிதாக விலைபோகும் ரகம் எடுங்கள். நெல்லுக்குப் பின் உளுந்தோ பயறோ கட்டாயம். தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், கையில் காசும் தரும்.

ஒரு நோட்டுப் போட்டு என்றைக்கு என்ன இட்டீர்கள், எவ்வளவு செலவு என்று எழுதி வாருங்கள், சான்றளிக்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் பங்கேற்புக் குழு இருக்கிறதா என்று விசாரித்து, விதைப்புக்கு முன்பே பெயரைப் பதிந்துவிடுங்கள். பொதுவாக மாறும் காலத்தை நீங்கள் ரசாயனத்தை விட்ட நாளிலிருந்து எண்ணாமல், பதிந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.